மூட்டை சிறுத்தால் பாரம் குறையுமா?

பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், ராணுவத்துக்குத் தேர்வான பையன்களின் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. முன்பெல்லாம் “சாப்பாடு எப்படி, குளிர் தாங்குமா” என்று கேட்பார்கள். இப்போது செல்போனைத் திறந்து ஒரு பையின் படத்தைக் காட்டி, “இது வாங்கலாமா சார்?” என்கிறார்கள். நாலு பக்கமும் வார் வைத்த பை அது. உள்ளே துணியைத் திணித்து வாரை இழுத்தால் தலையணை அளவு இருந்தது தேங்காய் அளவுக்கு வந்துவிடும். கம்ப்ரெஷன் பை என்று பெயர். சிலர் மூன்று நான்கு சேர்ந்த செட்டாகவே வாங்கிவிடுகிறார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பை நல்ல பைதான். ஆனால் ஓர் ஆளுக்கு ஒன்று போதும். அதையும் கடைசியாகத்தான் வாங்க வேண்டும்.

இந்த அமுக்குகிற வித்தை ஒன்றும் புதிதல்ல. நம் வயதுக்காரர்களுக்கு ஹோல்டால் நினைவிருக்கும். ரயிலில் வடக்கே போகும்போது மெத்தை, போர்வை, கம்பளி எல்லாவற்றையும் அதில் வைத்துச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி, பெல்ட்டை இழுத்துக் கட்டுவோம். அதுதான் அன்றைய கம்ப்ரெஷன். பட்டாளத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி, கிட் பேக், முதுகில் மாட்டும் பிட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. பெட்டியும் கிட் பேக்கும் வண்டியில் வரும். பிட்டு மட்டும் நம் முதுகில் வரும். அதில் என்ன போகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

கம்ப்ரெஷன் பை செய்வது ஒரே ஒரு வேலை. துணிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. இடம் மிச்சமாகிறது, எடை மிச்சமாவதில்லை. பையின் எடையும் வார், பக்கிள் எடையும் சேர்ந்து கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆபத்து எங்கே வருகிறது என்றால், மிச்சமான இடத்தைப் பார்த்ததும் நம் கை சும்மா இருப்பதில்லை. அம்மா ஒரு முறுக்கு டப்பாவை வைப்பார். அப்பா இன்னொரு சால்வையைச் செருகுவார். பையன் சார்ஜரும் பேட்டரியும் சேர்ப்பான். பார்க்க மூட்டை சின்னதாக இருக்கும். தூக்கினால் இடுப்பு சொல்லும்.

சிப்பாயின் சுமை பற்றிய கவலை எல்லா நாட்டுப் பட்டாளத்திலும் உண்டு. 1944-ல் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் அளவுக்கு மீறிய சுமையால் எப்படித் தவித்தார்கள் என்பதை எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-ல் தனிப் புத்தகமாகவே எழுதினார். 1990-ல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடு, சண்டைக்குப் போகும்போது 48 பவுண்டு, அணிவகுத்து நடக்கும்போது 72 பவுண்டு என்று வரம்பு சொன்னது. அதாவது ஏறத்தாழ 22 கிலோவும் 33 கிலோவும். கையேட்டில் எழுதுவது எளிது, களத்தில் கடைப்பிடிப்பது கடினம்.

1982 பாக்லாந்து போரையே எடுத்துக்கொள்ளுங்கள். மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டதில், அதிலிருந்த பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் மூன்று அழிந்தன. ஹெலிகாப்டரில் போக வேண்டியவர்கள் நடந்தார்கள். பிரிட்டிஷ் மரைன்கள் ஏறத்தாழ 36 கிலோ சுமையுடன் மூன்று நாளில் 90 கிலோமீட்டர் போல, சேறும் குளிர்காற்றுமான நிலத்தில் நடந்தார்கள். ஈரத்திலேயே கிடந்து பலருக்குக் கால் புண்ணாகிப்போனது. சுமையும் ஈரமும் எதிரியைப் போலவே ஆளைச் சாய்க்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, அந்த ஒரு பையில் எதைப் போடலாம்? ஸ்லீப்பிங் பேக், பஞ்சோ இறகோ வைத்த கனமான ஜாக்கெட். அவ்வளவுதான். இவற்றில்தான் காற்று அதிகம், அமுக்கினால் பலன் உண்டு. சட்டை, கால்சட்டை, சாக்ஸ் இவற்றை அமுக்கிப் பெரிதாக இடம் கிடைக்காது. மழைக்கோட்டை ஒருபோதும் உள்ளே கட்டி வைக்கக் கூடாது. மழை வரும்போது நாலு வாரை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியுமா? முதலுதவிப் பொருள்களும் தண்ணீரும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வாரை முழு பலத்தோடு இழுத்தால் பை பலாக்காய் போல உருண்டு விறைத்துவிடும். முதுகுப் பைக்குள் அதை வைத்தால் சுற்றிலும் மூலைகள் காலியாகக் கிடக்கும். மிச்சம் பிடித்த இடம் அங்கே வீணாகும். முக்கால் பங்கு இறுக்கி, கையால் தட்டிச் சப்பையாக்கி, பையின் அடியில் வையுங்கள். மூலைகளில் சாக்ஸும் பனியனும் போகட்டும். கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். இரவில் கடைசியாக எடுப்பது அடியில், வழியில் எடுப்பது மேலே. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அமுக்கும் பையும் தண்ணீர் புகாத பையும் ஒன்றல்ல. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வார் வைத்துத் தைத்த தையல் வழியாக நீர் இறங்கும். வாயை மூன்று மடிப்பாவது சுருட்டி மூடும் பைதான் மழைக்கு ஆனது. அது இல்லையென்றால் உர மூட்டையின் உள்ளே இருக்கும் கனமான பாலிதீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து உள்ளே போடுங்கள். காசே ஆகாது. இறகு ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் உப்பலை இழந்துவிடும், குளிரையும் தடுக்காது. பனிமலையில் இரவு அப்படிக் கழிந்தால் அது வெறும் அசௌகரியம் அல்ல, உயிர்ப் பிரச்சினை.

வாங்கும்போது ஸ்லீப்பிங் பேக்கைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். லிட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பக்கிளையும் வார் தைத்த இடத்தையும் இழுத்துப் பாருங்கள். வெல்க்ரோ வைத்தது வேண்டாம், நிசப்தமான இரவில் அதைப் பிரிக்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். ராணுவப் புள்ளி டிசைன் போட்ட துணியும் வேண்டாம். சீருடையும் படுக்கையும் பட்டாளமே கொடுத்துவிடும், கடன் வாங்கி நாம் அலங்கரிக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் அமுக்கி வைத்ததைப் பிரித்துவிடுங்கள். விடுமுறை முழுக்க இறுக்கிக் கட்டிப் பரணில் போட்டால் இறகும் பஞ்சும் மறுபடி எழும்பாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பையின் உள்பூச்சும் பிசுபிசுத்து உரிந்துவரும். காற்றாட ஒரு பழைய வேட்டியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுவது போதும்.

கடைசியாக, பை வாங்கும் முன் செய்ய வேண்டிய காரியம். கொண்டுபோகும் சாமான் முழுவதையும் தரையில் பரப்புங்கள். பட்டாளத்தில் கிட் பரப்பிக் காட்டுவோமே, அதே மாதிரி. ஒவ்வொன்றையும் தொட்டு, “இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். ஒன்றும் ஆகாது என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். மிஞ்சியதை மூட்டை கட்டி, பையனை எடைக் கருவியில் மூட்டையோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம் நிறுத்துங்கள். வித்தியாசம்தான் அவன் சுமக்கப்போவது. அதற்குப் பிறகு பையின் அளவை முடிவு செய்யுங்கள்.

2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி இப்போது சேரும் பையன்களுக்கு நாலு வருஷப் பணி. அதன் பிறகு நிரந்தரமாக எடுக்கப்படுவது 25 சதவீதம் வரைதான். மற்றவர்கள் இருபத்தைந்து வயதைச் சுற்றி ஊர் திரும்பி வேறு பிழைப்பு பார்க்க வேண்டும். அந்தப் பிழைப்புக்கு முதுகும் முழங்காலும் வேண்டும். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பேரனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கத் தோன்றினால், நாலாவது கம்ப்ரெஷன் பைக்குப் பதிலாக இரண்டு ஜோடி நல்ல கம்பளி சாக்ஸ் வாங்கிக் கொடுங்கள். முறுக்கு டப்பாவை அவன் லீவில் வரும்போது திறந்துகொள்ளலாம்.