சிறைக் கைவினையும் திறனாய்வாளர் கடனும்

சிறைப்பட்டோர் கையிற் கிடைத்தவற்றைக் கொண்டு ஆக்கிய பொருள்களை வியந்து போற்றுவது ஒரு வழக்காகிவிட்டது. இல்லாமையும் தடையுமே படைப்பாற்றலின் ஊற்று என ஒரு சாரார் கூறுவர். கேட்டற்கினிய இக்கூற்று, ஆராயுமிடத்து, சிறைக்கூடத்துக்குப் புகழ்மாலை சூட்டுவதாகவே முடிகின்றது.

இங்கிலாந்தின் நோர்மன் குறொஸ் முகாமை எடுத்துக்கொள்வோம். பிரான்சுடனான போர்களிற் பிடிபட்டோரை அடைப்பதற்கென 1797இல் திறக்கப்பட்ட அம்முகாம் 1814 வரை இயங்கியது. உணவில் எஞ்சிய எலும்பைச் செதுக்கியும் வைக்கோலைப் பிளந்து ஒட்டியும் கைதிகள் செய்த பெட்டிகள், டொமினோக் காய்கள், கப்பல் மாதிரிகள் முதலியன பீற்றர்பறோ நூதனசாலையில் உள்ளன. காண்போர் கைத்திறனை மெச்சுகின்றனர். 1800–1801இல் அம்முகாமிற் பரவிய கொள்ளைநோய்க்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இரையானமையை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பர்?

முகாம் வாயிலில் இப்பொருள்களை விற்க இடமளித்தமை அதிகாரிகளின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயின், தொப்பிக்கான வைக்கோற் பின்னல் உள்ளூர்த் தொழிலுக்குப் போட்டியானபோது அது தடைசெய்யப்பட்டது. பெட்டியும் பொம்மையும் எவர் வருவாயையும் பாதிக்கவில்லை, பின்னல் பாதித்தது. அப்பெருந்தன்மையின் அளவுகோல் எதுவென்பது இதனாற் புலனாகும்.

கூகி வா தியோங்கோ 1977 இறுதியிற் கைதாகி, விசாரணையின்றிக் கென்யாவின் கமிற்றிச் சிறையில் வைக்கப்பட்டார். அங்கு மலசலகூடக் காகிதத்திலே அவர் கிக்கூயு மொழியில் ஒரு நாவலை எழுதினார். அந்நாவலைச் சிறையின் கொடை எனல் பொருந்துமா? சிறை அளித்தது காகிதத்தை மட்டுமே. அதுவும் வேறொரு தேவைக்கு. மொழிப்பற்றும், குடியானவரோடு இணைந்து நாடகம் வளர்த்த அனுபவமும் அவர் வெளியிலிருந்து கொண்டுசென்றவை. அவ்வனுபவத்திற்காகவே அவர் சிறைப்படவும் நேர்ந்தது.

இப்பொருள்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அழகை மட்டும் பேசி, அவை பிறந்த சூழலை மறைக்கும் திறனாய்வையே மறுக்கிறோம். எலும்பிற் செய்த பெட்டியொன்று, அதனைச் செய்தவனிடம் மரமோ உலோகமோ இருக்கவில்லை என்பதற்கும் சாட்சியாகும். 'எலும்பு, வைக்கோல்' என மூலப்பொருளைக் குறிக்கும் நூதனசாலைச் சீட்டு, அக்கைதிக்கு மறுக்கப்பட்டவை எவையென்பதையும் குறிக்கட்டும். அவ்வாறு குறிக்குமாறு கேட்பது கலையறியாமை அன்று. வரலாற்றையும் இலக்கியத்தையும் கற்கும் நமது கடனாகும்.