சாவி யார் கையில்? கரண்டி யார் கையில்? மதத்தை அளக்க ஒரு அளவுகோல்



"மதம் இல்லேன்னா மனுஷன் மிருகமாயிடுவான்" என்று ஒரு கூட்டம். "மதம் இருக்கிற வரைக்கும் நாடு உருப்படாது" என்று இன்னொரு கூட்டம். டீக்கடையில் இருந்து வாட்ஸ்அப் குழு வரைக்கும் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ரெண்டு பக்கமும் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். வீட்டு மாடத்தில் விளக்கேத்துற அம்மாவோ, ஐந்து வேளை தொழுகிற பாய் வீட்டுத் தாத்தாவோ, ஜெபமாலை உருட்டுற ஆச்சியோ, அது அவங்க மனசு. அதில் கட்சிக்கும் அரசாங்கத்துக்கும் வேலையே இல்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு கட்டடம் வந்து, நிலம் வந்து, உண்டியல் வந்து, நிர்வாகக் கமிட்டி வந்து, "நீ உள்ளே வா, நீ வெளியே நில்" என்று சொல்கிற அதிகாரமும் வந்துவிட்டால், அது தனிமனித விஷயம் இல்லை. பொது அதிகாரம். பஞ்சாயத்து ஆபீசைக் கேட்பது மாதிரி அதையும் கேள்வி கேட்கலாம். கேட்டே ஆகணும்.

சரி, அந்த அமைப்பால் நல்லது நடக்கலையா? நடந்திருக்கு. அதை மறைச்சுப் பேசுவது நேர்மை இல்லை.

1867-ல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. பசியோடு வருகிறவனிடம் என்ன சாதி, என்ன மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியே திறந்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி. 2004 சுனாமியில் கரையோர மீனவக் குடும்பங்களுக்குச் சோறும் இடமும் கொடுத்து ஓடி வந்தது பரங்கிப்பேட்டை ஜமாத். 2015 சென்னை வெள்ளத்தில் கோயில், பள்ளிவாசல், சர்ச் என்று எல்லாக் கதவும் திறந்ததை நாமே பார்த்தோம்.

இதெல்லாம் ஒரு மனுஷனின் பக்தியால் மட்டும் நடந்துவிடாது. இடம் வேணும், அரிசி வேணும், ஆள் வேணும், நூறு வருஷம் விடாமல் நடத்துகிற ஏற்பாடு வேணும். அமைப்பு என்பதன் பலமே அதுதான்.

இப்போ நாணயத்தின் அடுத்த பக்கம்.

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். சாமி கும்பிடத்தான் போனார்கள். அதற்கு வழக்கு! வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1908-ல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு. கும்பிடுகிற உரிமைக்காகக் கடல் தாண்டிப் போய், அங்கேயும் தோற்று நின்றார்கள்.

சின்னப் பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டி "கடவுளுக்கு அர்ப்பணம்" என்று சொன்னதும் ஓர் அமைப்புதான். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாண சட்டமன்றத்தில் அதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆனது. அந்த இருபது வருஷமும் எதிர்த்தவர்கள் சொன்ன காரணம்: "இது பண்பாடு, இது மரபு."

"மதம் மாறினால் சாதி போயிடும்" என்று சொன்னவர்களும் உண்டு. போச்சா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் சர்ச்சுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிக்கிற சுவர் இருந்தது. 1910-ல்தான் இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கூட, எழும்போது பக்கத்தில் யார் இருக்கணும் என்று சாதி பார்த்திருக்கிறார்கள்!

முத்தலாக்கையும் மறந்துவிட வேண்டாம். ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லி மனைவியைத் தெருவில் விடுகிற வழக்கத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அந்தச் சமுதாயத்துப் பெண்களேதான். 2017-ல் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

ஆக, அதே அமைப்புதான் சோறும் போடுது, சுவரும் கட்டுது. எப்போ சோறு, எப்போ சுவர்? பதில் ஒரு வரிதான். சாவி ஒரு சிலரின் கையில் மட்டும் இருந்தால் சுவர். கரண்டி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் சோறு.

அந்தச் சாவியை வாங்கியது யார்? இங்கேதான் நம்மில் சிலர் தப்புக் கணக்குப் போடுகிறோம்.

1924-ல் வைக்கத்தில், கோயிலுக்குள் கூட இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற உரிமைக்காகச் சிறைக்குப் போனவர் பெரியார். பின்னாளில் கடவுள் மறுப்பையே கொள்கையாக வைத்தவர். 1939 ஜூலை 8-ம் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனவர் வைத்தியநாத ஐயர். ஆழ்ந்த பக்தர். உள்ளே போனவர்களில் ஒருவர் கக்கன், பிற்பாடு அமைச்சரானவர். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜைக்கே வர மறுத்தார்கள். ஆனால் ராஜாஜி அரசு சட்டம் போட்டு அந்த நுழைவுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 1947-ல் மாகாணம் முழுக்க ஆலய நுழைவுச் சட்டமே வந்தது.

பாருங்க, நம்பாதவர் போராடினார், நம்பியவர் போராடினார், சட்டம் பின்னால் நின்றது. மூணும் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது. வானம் இடிஞ்சு விழுந்துச்சா? மீனாட்சி கோபிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாளா? அன்றைக்கு இருந்ததை விடப் பல மடங்கு கூட்டம் இன்றைக்கு வருது.

உள்ளே வருவது முதல் படி. பூஜை செய்வது அடுத்த படி. 1971-ல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. 2006-ல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வழி செய்தார்கள். பயிற்சி முடித்தும் பல வருஷம் காத்திருந்த பிள்ளைகளில் பலருக்கு 2021-ல்தான் பணி ஆணை கிடைத்தது. ஐம்பது வருஷம், தோழர்களே!

"கோயிலை விட்டு அரசு வெளியேறணும்" என்று முழங்குகிறவர்களுக்கும் பதில் சொல்வோம். அறநிலையத்துறையில் ஊழலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருந்தால் பிடிச்சு உள்ளே போடணும். ஆனால் 1927 சட்டமும் 1959 சட்டமும் ஏன் வந்தன? கோயில் நிலத்தையும் நகையையும் சிலர் சொந்தச் சொத்து மாதிரி அனுபவித்ததால் வந்தன. கணக்குக் கேட்க ஆள் இல்லாத காலத்துக்குத் திரும்பினால் லாபம் யாருக்கு? பக்தனுக்கா, பழைய சாவிக்காரனுக்கா?

"எங்க கோயில் மட்டும்தானா?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கு. வக்ஃபு சொத்துக்கும் கணக்கு வேணும், சர்ச் சொத்துக்கும் கணக்கு வேணும். பொதுமக்கள் காசு எங்கே சேருதோ அங்கே எல்லாம் வேணும். அதற்காக இருக்கிற கணக்குப் புத்தகத்தையும் கிழிச்சுப் போடுன்னு சொன்னா எப்படி?

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம்.

இதெல்லாம் பழைய கதை இல்லை. 2023 ஜனவரியில்தான் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் பட்டியலின மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் பாதுகாப்போடு போனார்கள். அதே வருஷம் ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கும் நிலை. எத்தனையோ ஊரில் இன்றும் திருவிழா தலைக்கட்டு வரியைச் சில தெருக்களில் வாங்குவதில்லை. வரி வாங்கலைன்னா மிச்சம் என்று நினைக்காதீர்கள். "நீ இந்த ஊர் ஆளே இல்லை" என்று அர்த்தம். சாதி மாறிக் கல்யாணம் பண்ணின வீட்டுக்கும் அதே தண்டனைதான்.

அந்தத் திருவிழாக் கமிட்டிகளில் யார் இருக்காங்க? எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்காங்க. நம்ம ஆட்களும் இருக்காங்க. மேடையில் சமத்துவம், ஊர்க் கூட்டத்தில் மௌனம். கேட்டால் "ஓட்டுப் போயிடும் தலைவா." நியாயம் கேட்டதால் போகிற ஓட்டுக்குப் பயந்தால், அப்புறம் கட்சி எதற்கு, கொடி எதற்கு?

பால்குடம் எடுக்கிற பாட்டியைக் கிண்டல் பண்ணி மீம் போடுவது முற்போக்கு இல்லை. அதனால் ஒரு கதவும் திறக்காது. அந்தப் பாட்டி நம் எதிரி இல்லை. பக்கத்துத் தெருப் பாட்டியும் அதே வரிசையில் குடத்தோடு நிற்க முடியுதா என்று கேட்பதுதான் முற்போக்கு.

இந்த வருஷம் உங்கள் ஊர்த் திருவிழாவில் மூணே கேள்வி கேளுங்க.

1. எல்லா வீட்டிலும் வரி வாங்குறாங்களா?
2. சாமி எல்லாத் தெருவுக்கும் வருதா?
3. வரவு செலவை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுறாங்களா?

பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் இருக்கிற தோழர்கள் அங்கே கேளுங்க. பெண்கள் வந்து தொழ இடம் இருக்கா? கல்லறையில் பாகுபாடு இருக்கா? கணக்கு இருக்கா?

மூணுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால், அந்த அமைப்பு ஊருக்கு நல்லது. நாத்திகத் தோழரும் போய்ப் பந்தியில் பரிமாறலாம். "இல்லை" என்று வந்தால், முதல் குரல் பக்தனின் குரலாகவே இருக்கட்டும். இரண்டாவது குரலாக நாம் நிற்போம்.

படிச்சிட்டு லைக் மட்டும் போட்டுப் போகாதீங்க. உங்க ஊர்க் குழுவில் பகிருங்க. கேள்வியை அங்கே கேளுங்க.

#எல்லோருக்கும்_வாசல்