அயல்மண்ணில் தீபாவளி விருந்து: இலை யாருக்கு?

புரட்டாசி முடிவதற்கு முன்னரே சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகள் ஒளிரத் தொடங்கிவிடுகின்றன. தேக்காவில் கூட்டம் நெரிகிறது. அதே நாட்களில், தாயகத்திலிருந்து வேலையின் பொருட்டு வந்து சிங்கப்பூரில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வியும் எழுகின்றது. இவ்வாண்டு தீபாவளி விருந்தை எவ்வாறு நடத்துவது?

ஊரில் இருந்தவரை இக்கேள்விக்கே இடமிருந்ததில்லை. பாட்டியார் அரிசி ஊறவைப்பார், அத்தை அடுப்பைக் கவனிப்பார், பிள்ளைகள் தட்டுகளைத் தெருவெங்கும் கொண்டுபோய்க் கொடுத்து வருவார்கள். யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இங்கே நிலைமை வேறு. அழைத்தால்தான் வருவார்கள். வருவோர் பல இனத்தவர், பல சமயத்தவர். வீடோ வாடகை வீடு. உதவிக்கு மூத்தோர் இல்லை. விடுமுறையும் ஒரே ஒரு நாள்.

இந்நிலையில் பெரும்பாலோர் முதலில் பலகாரப் பட்டியலை எழுதுகின்றனர். அடுத்து அலங்காரப் பொருள்கள், அதன் பின் ஆடைகள். அழைப்பு என்பது கடைசி வாரத்தில் வாட்ஸ்அப் வழியே பொதுவாக அனுப்பப்படும் ஒரு படமாக முடிந்துவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது. அயல்மண்ணில் விருந்துக்கு முதல் ஆயத்தம் அழைப்புப் பட்டியலே. யார் வருகிறார்கள் என்பது தெரிந்த பிறகுதான் எதைச் சமைப்பது, எந்த நாளில் அழைப்பது, எதில் பரிமாறுவது என்பனவெல்லாம் முடிவாகும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திறந்த இல்ல உபசரிப்பு என்னும் நல்வழக்கம் வேரூன்றியிருப்பதை அனைவரும் அறிவர். மலாய் மொழியில் ரூமா தெர்புக்கா என்பார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்வது இங்குள்ளோருக்கு இயல்பான ஒன்று. 1989ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் விகித வரம்பு வகுக்கப்பட்டிருப்பதால், ஒரே நடைபாதையில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அண்டை வீட்டாராக இருக்கின்றனர். புதிதாக வந்த குடும்பத்தாருக்கு இவ்வழக்கம் தொடக்கத்தில் சற்றுக் கூச்சத்தைத் தரலாம். அண்டை வீட்டுச் சீனப் பாட்டி தாமாகவே வந்து கதவைத் தட்டப் போவதில்லை. புதிதாக வந்தவர்தான் ஒரு தட்டு முறுக்குடன் முதலில் போக வேண்டும். அச்சு முறுக்கு எடுத்துச் சென்றால் அறிமுகத்திற்கே தேவையிருக்காது. அதே அச்சில் அதே வடிவில் மலாய்க்காரரும் பெரானாக்கான் சீனரும் தங்கள் பெருநாள்களுக்குப் பலகாரம் செய்கின்றனர்.

இனி நாள் குறிக்கும் விவகாரம். இதில்தான் பலரும் கவனக் குறைவாக இருக்கின்றனர். தமிழருக்குத் தீபாவளி என்பது சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் கோயில் தரிசனமும். வட இந்திய அன்பர்களுக்கோ அது அமாவாசை மாலையில் இலக்குமி பூசை. அலுவலகத்து வட இந்திய நண்பரை அன்று மாலை ஏழு மணிக்கு விருந்துக்கு அழைத்தால், அவர் தம் வீட்டுப் பூசையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். நண்பகலுக்கு அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்.

சீன நண்பர்களைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பம் உண்டு. சீனரின் மாதம் அமாவாசையன்று பிறக்கிறது. ஆதலால் தீபாவளியை ஒட்டியே அவர்களுடைய மாதத்தின் முதல் நாளும் வருகிறது. 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளிலும் சிங்கப்பூரில் தீபாவளிக்கு மறுநாளே சீன மாதத்தின் முதல் நாளாக அமைந்தது. முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் தவிர்க்கும் பௌத்தச் சீனர்கள், அதிலும் மூத்தோர், இங்கு மிகுதி. தீபாவளிக்கு மறுநாள் விருந்து வைத்து, ஆட்டுக்கறியைப் பெருமையோடு நீட்டினால், அந்த அம்மையார் புன்னகையுடன் தேநீர் மட்டும் அருந்திவிட்டுப் போவார். அவர் பசியோடு போனதை வீட்டார் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

தமிழரிடையேயும் இதே நாட்கள் நோன்பு நாட்கள்தாம். கேதார கௌரி விரதம் ஐப்பசி அமாவாசையில் நிறைவுறுகிறது. அதை அடுத்த பிரதமையில் கந்த சஷ்டி விரதம் தொடங்கி ஆறாம் நாள் சூரசம்காரம். வேலை நாளில் தீபாவளி வந்தால் அடுத்த சனி, ஞாயிறில் திறந்த இல்ல உபசரிப்பை வைத்துக்கொள்வதே பொது வழக்கம். அந்தச் சனி, ஞாயிறோ பெரும்பாலும் சஷ்டிக்குள்தான் விழுகின்றது. 2024இலும் 2025இலும் அவ்வாறே விழுந்தது. முருகனடியார் மிகுந்த இந்நாட்டில், விரதம் இருப்பவரைப் பிரியாணி மணக்கும் வீட்டுக்கு அழைத்துத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துவது முறையாகுமா?

மலாய் நண்பர்களின் நிலையோ அனைவரும் அறிந்ததுதான். ஹலால் அல்லாத இறைச்சியை அவர்கள் தொடமாட்டார்கள். ஹலால் கடையில் வாங்கிய இறைச்சியாகவே இருந்தாலும், அது வெந்த பாத்திரத்தைப் பற்றியும் உண்ணும் தட்டைப் பற்றியும் சிலருக்கு ஐயம் இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல நாணுவார்கள். 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளில் தீபாவளி ரமலான் நோன்பு மாதத்திற்குள்ளேயே வந்தது. அப்போது விவரமறிந்தவர்கள் மலாய் அண்டை வீட்டாரை மாலையில் நோன்பு துறக்கும் வேளைக்கு அழைத்தனர். 2030களின் பிற்பகுதியில் அந்த நிலை மீண்டும் வரும். இளங்குடும்பத்தார் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஆக, வருகின்ற விருந்தினரை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தால், எல்லாரும் ஒருசேர உட்கார்ந்து உண்ணத்தக்க விருந்து ஒன்றே ஒன்றுதான். அது வாழையிலையில் பரிமாறப்படும் சைவ விருந்து. பாத்திரத்தைப் பற்றிய ஐயமுள்ளவருக்கும் வாழையிலையில் தடையில்லை. அதில் இதற்குமுன் எவரும் உண்டதில்லை. சமைக்கும் பாத்திரம் புதியது என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் இன்னும் நிம்மதி. சைவம் என்றால் முட்டையும் அடங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் கேக், பிஸ்கட் வகைகளில் முட்டை இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். முழுநேரச் சைவர்களான பௌத்தச் சீனர்கள் வெங்காயமும் பூண்டும் கூட உண்பதில்லை. அவர்களுடைய மரபில் விலக்கப்பட்ட ஐந்து பொருள்களில் பெருங்காயமும் ஒன்று. ஆகவே முறுக்கு மாவிலும் ரசத்திலும் அதைத் தாராளமாகப் போடும் தமிழ் வீடுகளில், இரண்டு மூன்று உணவு வகைகளையாவது இவை எதுவுமின்றிச் செய்து தனியே வைத்தல் வேண்டும். சர்க்கரைப் பொங்கலும் தேங்காய்ச் சோறும் பாயசமும் போதும். பெரிய வேலை ஒன்றுமில்லை.

இதற்கு மறுப்பு எழும் என்பது தெரிந்ததே. மலாயாத் தமிழரிடையே தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சமைப்பதும், முதல் நாளில் முன்னோருக்குப் படையலிடுவதும் தோட்டப்புறக் காலத்திலிருந்தே வந்த வழக்கம். புரட்டாசி முழுவதும் சைவம் காத்தவர்கள் தீபாவளிக்காகவே காத்திருப்பார்கள். அதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. குடும்பத்தாரின் படையலும் குடும்பத்தாரின் இலையும் அவரவர் குலவழக்கப்படியே நடக்கட்டும். ஆனால் படையல் வேறு, பொது விருந்து வேறு. முன்னோருக்குப் பிடித்ததை முன்னோருக்கு இடுவது போல, வருவோருக்கு ஏற்றதை வருவோருக்கு இடுதலே உபசாரம். மது விஷயத்தில் இந்த இரண்டு பேச்சுக்கும் இடமில்லை. தீபாவளி விருந்தில் மதுப்புட்டி எந்த மேசையிலும் இருக்கலாகாது. அதைக் கண்டு முதலில் எழுந்து போகிறவர் மலாய் விருந்தினர். அடுத்து எழுந்து போகிறவர்கள் குழந்தைகளோடு வந்த தாய்மார்கள்.

பலகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசியில் இங்கே பிற்பகல்தோறும் மழை. காற்றுப் புகாத டின்னில் அடைக்காத முறுக்கு இரண்டே நாளில் நமுத்துப் போகும். அடுக்குமாடி வீட்டில் எண்ணெய்ப் புகை அண்டை வீட்டார் துணியில் படிந்தால் மனத்தாங்கல் வேறு. எனவே பெரும்பகுதியைக் கடையில் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் வீட்டில் செய்வதில் தவறேதுமில்லை. பன்னிரண்டு வகை செய்து களைத்துப்போய், வந்தவரிடம் நின்று பேசவும் திராணியின்றிப் போவதைவிட அது மேல். பட்டாசுக்கு இங்கே 1972 முதலே தடை இருப்பதால் அந்தச் செலவும் இல்லை.

அழைப்புப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? இக்கேள்விக்குத்தான் பலர் வீட்டில் விடையில்லை. அலுவலக மேலாளர், பிள்ளைகளின் ஆசிரியர், வீட்டு உரிமையாளர் என்று பட்டியல் தொடங்குகிறது. துவாஸிலும் கிராஞ்சியிலும் தங்குவிடுதிகளில் ஓர் அறையில் பலராக வாழும் தமிழ்த் தொழிலாளர்களோ பட்டியலில் வருவதே இல்லை. அவர்களும் அயல்மண்ணில்தான் வாழ்கிறார்கள். வாடகைக்கேனும் ஒரு வீடு என்பது அவர்களுக்கு இல்லை. மனைவி மக்களை அழைத்துவரவும் வழியில்லை. தீபாவளியன்று கோயிலில் வணங்கிவிட்டு, லிட்டில் இந்தியாவின் திடலில் அமர்ந்து, கைபேசியில் ஊருக்குப் பேசிவிட்டுத் திரும்பிப்போகிறார்கள். 2020ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டினால் அந்தத் திடலுக்கும் அவர்களால் விருப்பம்போல் வர இயலவில்லை. அவ்வாண்டு மற்றவர் வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் 5 விருந்தினர் என்பதே வரம்பாக இருந்தது. ஐவர் மட்டும் வந்தபோது ஐவரோடும் உட்கார்ந்து பேச முடிந்ததைப் பல வீட்டார் அன்று கண்டுகொண்டனர். அதை மறந்துவிடாமல், ஐம்பது பேரை ஒரே மாலையில் திரட்டுவதற்குப் பதிலாக, நேரம் பிரித்துச் சிலர் சிலராக அழைக்கலாம்.

தொழிலாளர்களை அழைப்பதிலும் ஒரு முறை உண்டு. நின்றுகொண்டே பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது விருந்தாகாது. "தம்பி, தீபாவளியன்று மதியம் நம்ம வீட்ல சாப்பாடு, நண்பர்கள் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்று நேரில் சொல்ல வேண்டும். தனியே வர ஒருவர் தயங்குவார், மூவராக வருவார்கள். துவாஸிலிருந்து தீவின் கிழக்குக்கு வர ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகலாம் என்பதைக் கருதி நேரத்தைக் குறிக்க வேண்டும். வந்தவரை மற்ற விருந்தினருக்குச் சமமாக அதே வரிசையில் இலைபோட்டு உட்காரவைக்க வேண்டும். அவ்வாறு செய்ய மனம் வராதவர்கள் அழைக்காமலிருப்பதே நன்று.

வீட்டிலேயே இன்னொருவரும் இருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு வரை பாத்திரம் துலக்கும் பணிப்பெண். 2013 முதல் இல்லப் பணிப்பெண்களுக்கு வாராந்திர ஓய்வுநாள் உரிமை வந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாதபடி ஓய்வாகவே தர வேண்டும் என்று விதி வந்துள்ளது. விருந்து நாள் அவருடைய ஓய்வுநாளாக அமைந்துவிட்டால் அவர் சம்மதத்தைக் கேட்டு வேறு நாள் தருவது சட்டமும் நியாயமும் ஆகும். அவரும் அயலூரில் இருப்பவர்தாம். விருந்தினர் போனபின் மிச்சத்தை உண்ணும்படி அவரை விடாமல், முதல் பந்தியிலேயே அவருக்கும் ஓர் இலை போடலாம்.

கடைசியாக, விருந்து வைக்க விரும்பியும் இயலாதவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கும் இளந்தம்பதியருக்கும் செவிலியருக்கும், சமைக்கக் கூடாது என்றோ சிறு சமையலுக்கு மட்டுமே அனுமதி என்றோ வீட்டு உரிமையாளர்கள் நிபந்தனை விதிப்பது இங்கே சாதாரணம். அவர்களுக்குக் கோயில்கள் வழிவிடலாம். தீபாவளியன்று விடியற்காலை முதல் கோயில்களில் கூட்டம் அலைமோதும். நண்பகல் பூசைக்குப்பின் நடை சாத்தினால் மாலை வரை பல கோயில்களின் அன்னதான மண்டபமும் சமையற்கூடமும் வெறுமையாகவே கிடக்கின்றன. அந்த நான்கைந்து மணி நேரத்தை, சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ண விரும்பும் இத்தகைய அன்பர்களுக்குத் தருவதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. துப்புரவுக்கு ஒரு முன்பணமும், பொறுப்பாளர் ஒருவரும், சைவம் மட்டுமே என்னும் விதியும் இருந்தால் போதும். நிர்வாகக் குழுக்கள் இதை ஆவணி மாதக் கூட்டத்திலேயே முடிவுசெய்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், விரும்புவோர் பெயர் கொடுக்கவும் தேக்காவில் வாழையிலைக்குச் சொல்லிவைக்கவும் அவகாசம் இருக்கும்.