முட்டை வாங்கிய சாம்பியன்!

குட்டீஸ்... பரீட்சையில் முட்டை மார்க் வாங்கியவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்களா? அடுத்த முறை சிரிக்கும் முன், எலினா இசின்பயேவாவை நினைத்துக் கொள்ளுங்கள்.

நீளமான கோலை ஊன்றி எழும்பி, உயரத்தில் வைத்திருக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்ட வேண்டும். அது தான், 'போல்வால்ட்!' அதில் உலகையே கலக்கியவர், ரஷ்யாவின் இசின்பயேவா. 1982ல் வோல்கோகிராட் நகரில் பிறந்த இவர், ஐந்து வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கத் துவங்கினார். மளமளவென வளர்ந்து விட்டதால், 15 வயதில் அதை விட வேண்டியதாயிற்று. அந்த உயரமே, பிறகு போல்வால்ட்டில் அவருக்குக் கை கொடுத்தது.

ஏதென்சில் 2004லும், பீஜிங்கில் 2008லும் ஒலிம்பிக் தங்கம். இரண்டும் உலக சாதனையோடு! 2005ல் லண்டனில், 5 மீட்டர் தாண்டிய முதல் பெண் ஆனார். அதாவது, 16 அடிக்கும் மேல்; மாடி இல்லாத வீட்டின் மொட்டை மாடிச் சுவரையே தாண்டுகிற உயரம். (துணி காயப்போடும் கம்பை எடுத்து முயன்று பார்த்து விடாதீர்கள், உங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கப் போவது நான் தான்!)

ஆனால், எனக்குப் பிடித்தது இந்தத் தங்கக் கதைகள் அல்ல. 2009, ஆகஸ்ட் 17ல், பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் நடந்தது தான்.

இந்த விளையாட்டில், தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். குறைந்த உயரங்களைத் தாண்டாமல், நேராகப் பெரிய உயரத்தில் இருந்தும் துவங்கலாம். இசின்பயேவா அப்படித் தான் செய்தார். மற்றவர்கள் தாண்டிக் கொண்டிருக்க, அவர் காத்திருந்தார். கம்பி 4.75 மீட்டருக்கு வந்ததும் எழுந்து வந்தார். அவரது உலக சாதனை அப்போது 5.05 மீட்டர். அதை விட 30 சென்டி மீட்டர் குறைவு. உங்கள் பையில் இருக்கும் ஸ்கேல் அளவு தான்!

முதல் முயற்சி தவறியது. உடனே, கம்பியை 4.80க்கு உயர்த்தச் சொல்லிக் காத்திருந்து, அதிலும் இரண்டு முறை தவறினார். அவ்வளவு தான், மொத்தமும் முட்டை. போலந்தின் அன்னா ரொகோவ்ஸ்கா, 4.75 தாண்டித் தங்கம் வென்றார்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்த பாடம் தானே என்று புத்தகத்தைப் புரட்டாமல் பரீட்சைக்குப் போவது போலத் தான் இதுவும். சின்ன உயரம் ஒன்றைத் தாண்டி வைத்திருந்தால், பெயருக்கு நேராக ஏதாவது ஓர் எண் இருந்திருக்கும். அவ்வளவு பெரிய வீராங்கனையாக இருந்தாலும், தவறு தவறு தான்.

தோற்றவுடன், 'உடம்பு சரியில்லை' என்று ஒரு வாரம் லீவு போடத் தோன்றும் அல்லவா? அவர் அப்படி ஒளிந்து கொள்ளவில்லை. 11 நாள் தான் இடைவெளி. ஆகஸ்ட் 28ல், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், கோலோடு கூட்டத்தின் முன் வந்து நின்றார். அன்று தாண்டியது, 5.06 மீட்டர், புதிய உலக சாதனை!

பிறகு, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் தான் கிடைத்தது. 2013ல், சொந்த நாட்டின் மாஸ்கோவில் மீண்டும் உலக சாம்பியன். ஊக்க மருந்து விவகாரத்தால் ரஷ்ய தடகள அணிக்குத் தடை விதிக்கப்பட்டதால், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆட முடியாமல், அந்த ஆண்டே ஓய்வு பெற்றார்.

முட்டை வாங்கிய அதே மாதத்தில் அவர் தாண்டிய அந்த 5.06 மீட்டரை, இன்று வரை எந்தப் பெண்ணும் தாண்டவில்லை!