கேட்டு எடுங்கள்



'கேண்டிட்' என்னும் சொல் இன்று நம் திருமண வீடுகளில் நன்கு பழகிவிட்டது. மணமகள் தாயின் தோளில் சாய்ந்து கண்கலங்கும்போதும், பந்தியில் பாட்டி பேரனுக்கு ஊட்டும்போதும் அவர்கள் அறியாமல் எடுக்கப்படும் படங்களே பிற்பாடு ஆல்பத்தில் அதிகமாய் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அதில் குற்றம் ஒன்றுமில்லை. படம் பிடிப்பவரை அழைத்தது அந்தக் குடும்பம். எந்தப் படம் ஆல்பத்தில் இடம்பெற வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதே குடும்பம். படம் எடுக்கப்பட்ட வேளையை அவர்கள் அறியாவிட்டாலும், சம்மதத்தை முன்னரே அளித்திருக்கிறார்கள்.

இதே பழக்கத்தை நாம் தெருவுக்கும் கொண்டுசெல்கிறோம். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் சிறிய ஒலிபெருக்கியை மார்பில் மாட்டிக்கொண்டு பாடிவரும் பார்வையற்ற பாடகரும், உறுமியைக் கொட்டிக்கொண்டு வீடு வீடாய் வரும் பூம்பூம் மாட்டுக்காரரும் நம்மைப் படம் பிடிக்க அழைத்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களைக் கண்டவுடன் நம் கை செல்பேசியைத் தேடுகிறது. பாட்டின் ஓர் அடி முடிவதற்குள் படம் எடுக்கப்பட்டு, இரண்டு நிலையங்கள் கடப்பதற்குள் உருக்கமான ஒரு வாசகத்துடன் ஊரெங்கும் போய்விடுகிறது. பாடியவர் மாத்திரம் அதை அறியார். இது சரியா என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில்களில் பயணம் செய்து, எதிரே அமர்ந்திருந்தவர்களை அவர்கள் அறியாமல் படம் எடுத்தார். கேமராவை மேலங்கிக்குள் மறைத்து, அதன் கண்ணாடியைப் பொத்தான்களின் இடைவெளியில் வைத்து, கைச்சட்டைக்குள் ஓடிய கம்பியினால் அதை இயக்கினார். அந்தப் படங்களுள் ஒன்று, பெட்டியின் நடுவே அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வரும் பார்வையற்ற இசைஞர் ஒருவருடையது. மற்றப் பயணிகளுக்காக எவான்ஸ் கேமராவை மறைக்க வேண்டியிருந்தது. இந்த ஒருவருக்கு மாத்திரம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மறைக்காமலே ஏமாற்றத்தக்க நிலையில் அவர் இருந்தார் என்பதே எண்ணிப் பார்க்க வேண்டியது.

எவான்ஸ் அந்தப் படங்களை உடனே நூலாக்கவில்லை. கடைசிப் படத்தை எடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1966ஆம் ஆண்டில்தான் அவை நூலாய் வெளிவந்தன. தாம் வேவுகாரனைப்போல நடந்துகொண்டதை அவர் ஒளிக்கவில்லை. அதைக் குறித்து மனம் வருந்தியும் எழுதினார். அந்நூலுக்கு 'மெனி ஆர் கால்டு' என்று பெயர். மத்தேயு சுவிசேஷத்தின் 22ஆம் அதிகாரத்தில், கலியாண விருந்து உவமையின் முடிவில் வருகிற, அழைக்கப்பட்ட அநேகரைக் குறித்த சொற்களே அவை. ஆனால் அந்தப் பயணிகளை எவரும் அழைக்கவில்லை, அவர்கள் எடுக்கப்பட்டார்கள். இன்று நம் கையிலுள்ள கருவியோ இருபத்தைந்து நிமிடங்கூடக் காத்திருப்பதில்லை.

"பொது இடத்தில் பாடுகிறவரை எல்லாரும் பார்க்கத்தானே செய்கிறார்கள்? படம் எடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பார்ப்பது வேறு, கொண்டுபோவது வேறு. ஒரு பெட்டியில் பாடுகிறவர் அந்தப் பெட்டியிலுள்ளவர்கள் கேட்பதற்கே தம்மை ஒப்புக்கொடுத்திருக்கிறார். தாம் ரயிலில் பாடிப் பிழைப்பதை அவர் சொந்த ஊரில் சொல்லாமல் இருக்கக்கூடும். அவருடைய மகள் தன் வகுப்புத் தோழிகளிடம் அதைப் பேசாமல் இருக்கக்கூடும். நாம் இரக்கத்தினால் பகிர்ந்த படம், அவர் இத்தனை காலம் காத்துவைத்திருந்ததை ஒரே மாலையில் கலைத்துவிடலாம்.

"இதனால் அவர்களுக்கு நன்மை உண்டாகலாமே" என்பது அடுத்த கேள்வி. உண்டாகிறதும் உண்டு. 2019ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தின் ராணாகாட் ரயில் நிலையத்தில் பாடிய பெண் ஒருவரின் காணொளி நாடெங்கும் பரவி, அவருக்கு இந்தித் திரைப்படத்தில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் சில மாதங்களுக்குள் அதே இணையம் அவருடைய ஒப்பனையையும் பேச்சையும் கேலிப்பொருளாக்கியது. தாழ்த்தியவர்கள் அவரைக் கேட்டு எதையும் செய்யவில்லை. நன்மை வரலாம் என்னும் எதிர்பார்ப்பு நமக்கு உரிமையைத் தந்துவிடாது. அந்த வாய்ப்புக்கும் அந்த ஆபத்துக்கும் ஆயத்தமா என்று சொல்ல வேண்டியவர் அவரே.

மூன்றாவது கேள்வி கலையைப் பற்றியது. கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. 1921ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் அபோனி என்னும் ஊரில், சிறுவனோடு மண்தெருவில் வயலின் வாசித்துச் சென்ற பார்வையற்ற இசைஞரை ஆந்த்ரே கெர்டேஸ் எடுத்த படம் இன்றளவும் போற்றப்படுகிறது. அத்தகைய படம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இசைஞர்களைக் கூர்ந்து பாருங்கள். கேமராவைக் கண்டு ஒரு நிமிடம் விறைப்பாகிறவர்கள், இரண்டாம் பாட்டுக்குள் நம்மை மறந்துவிடுகிறார்கள். அவர்களுடைய வேலை அப்படிப்பட்டது. காத்திருக்க மனமில்லாதவர்கள் நாம்தான். அந்த நொடி தவறிவிடும் என்று தோன்றினால், எடுத்த பின்பாவது அவரிடம் போய்ச் சொல்லலாமே.

எரிகோ வழியோரத்தில் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பர்திமேயுவை நினைத்துப் பாருங்கள். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் அவனை வாசிக்கிறோம். அவன் குரல் எழுப்பினான். கூட்டமோ அவனைப் பேசாதிருக்கச் சொல்லி அதட்டியது. இயேசு நின்றார். அவனை அழைப்பித்தார். பார்வையற்றவனுக்கு என்ன தேவை என்று அங்கே நின்ற எவருக்கும் தெரியும். அப்படியிருந்தும், அவனுக்குத் தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். நன்மை செய்ய வல்லமை உடையவரே கேட்டுவிட்டுச் செய்தார். நம் கையில் இருப்பது ஒரு செல்பேசி மாத்திரமே. கேட்காமல் எடுக்க நமக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

ஆகையால், பிரியமானவர்களே, சில காரியங்களை உங்களுக்கு முன்பாக வைக்கிறேன். முதலாவது, பாட்டைக் கேளுங்கள்; ஒரு பாட்டு முடியும்வரை செல்பேசி பையிலேயே இருக்கட்டும். பாட்டுக்கு உரியதைக் கொடுங்கள். அந்தப் பணம் படத்துக்கான விலை அல்ல. பிறகு அருகில் சென்று, கையைத் தொடாமல் முதலில் குரல் கொடுத்து, "ஐயா, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். அதை யாருக்குக் காட்டுவீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்றும் சொல்லுங்கள். பார்வையற்றவராயிருந்தால், படத்தில் என்ன தெரிகிறது என்பதை வாயினால் விவரியுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். சிறுபிள்ளைகள் வாசிக்கக் கண்டால், பெற்றோர் சம்மதமின்றி எடுக்க வேண்டாம். நீங்கள் காசு போடுவதைப் படமாக்கி வெளியிடவே வேண்டாம். தர்மம் செய்யும்போது தெருவில் தாரை ஊதுவிக்கிறவர்களைக் குறித்து ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னதை நாம் அறிந்திருக்கிறோம்.

இவ்விதம் செய்தால் சில நல்ல படங்களை இழப்போம் என்பது மெய்தான். அந்த இழப்பை நாம் ஏற்றுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, அநேக நாட்களாய் ஒரே ரயிலில் கேட்டுவந்த குரலுக்குரியவரின் பெயர் என்ன, ஊர் எது, அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதை நாம் அறியவரலாம். அவர் விரும்பினால் அந்தப் படத்தை அவருடைய எண்ணுக்கே அனுப்பிவையுங்கள். அதைத் தம் வீட்டாருக்குக் காட்டும் மகிழ்ச்சி அவருடையதாய் இருக்கட்டும்.

கர்த்தர் தாமே உங்கள் கண்களையும் கைகளையும் காத்து நடத்துவாராக. ஆமென்.