சந்தை மாடும் கழுத்துக் கட்டியும்

மணப்பாறைச் சந்தைக்குப் போகிறவர் எவரும் பல்லைப் பிடித்துப் பாராமல், சுழியை விசாரியாமல், மாட்டுக்கு விலை பேசுவதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்குக் கழுத்திலே கட்டி புறப்பட்டால், உள்ளே இருப்பது இன்னதென்று பாராமலே பெயர் சூட்டிவிடுகிறோம். பாட்டி, "கண்டமாலை" என்கிறாள். அடுத்த வீட்டுக்காரர், "சூட்டுக் கட்டி" என்கிறார். நமக்குத் தெரிந்த குடியானவர் ஒருவர் தம் மகனுக்கு ஆறு மாதம் பற்றுப் போட்டார். ஏன் ஐயா இத்தனை நாள் சும்மா இருந்தீர் என்று கேட்டோம். "வலிக்கவே இல்லையே, ஸார்!" என்றார்.

வலிக்காததுதான் விஷயம்.

நமது சரீரத்தில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் உள்ளன. இவற்றைக் காவற்சாவடிகள் என்று சொல்லலாம். இங்கே தங்கும் வெள்ளணுக்கள் கிருமிகளோடு போராடும் காவலர்கள். அந்தக் காவலரில் ஒருவனே கெட்டுப்போய், கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுவே நிணநீர்ப் புற்றுநோய். டாக்டர்கள் 'லிம்போமா' என்பார்கள். அதில் ஒரு வகையை 1832-ல் லண்டன் வைத்தியர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இந்த ஹாட்ஜ்கின் கட்டியில் ஓர் ஆச்சரியம் உண்டு. அதிலுள்ள உண்மையான புற்றணுக்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மற்றவை எல்லாம் நம்முடைய நல்ல அணுக்கள்! பகைவனைப் பிடிக்க வந்த படை அவனைச் சுற்றிக்கொண்டு கைகட்டி நிற்கிறது. புற்றணு ஒரு பொய்ச் சமிக்ஞை காட்டி அப்படையை அடக்கி வைத்திருக்கிறது. அத்தகைய தடைகளை ஆராய்ந்த ஜப்பானியர் ஹோஞ்சோவுக்கும் அமெரிக்கர் ஆலிஸனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. தடையை நீக்கும் மருந்துகளும் வழக்கத்துக்கு வந்துவிட்டன.

2004-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வகை லிம்போமாவில் 191 நோயாளிகளின் கட்டிகளைச் சோதித்தார்கள். நோயாளி எத்தனை காலம் பிழைத்திருப்பார் என்பதைப் புற்றணுவின் குணத்தைவிட, கட்டிக்குள் புகுந்திருந்த நல்ல அணுக்களின் தன்மையே அதிகமாகக் காட்டிற்றாம். இச்சோதனை சாதாரண ஆஸ்பத்திரிகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று: கட்டியின் அளவைக் கண்டு மட்டும் நோயாளியின் தலையெழுத்தைச் சொல்லிவிட முடியாது.

சோர்ந்த படைக்குப் புதுப் பயிற்சி அளிக்கும் வித்தையும் வந்திருக்கிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே காவலணுக்களை எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மாற்றி, மறுபடியும் உடம்பில் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2017-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. செலவோ நம்மவர் கனவிலும் எட்டாதது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய சுதேசிச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. 2024 ஏப்ரல் 4-ந் தேதி ராஷ்டிரபதி திரௌபதி முர்மு அதைத் துவக்கி வைத்தார். அந்நியச் சிகிச்சையின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அப்படியும் பல லட்சம்! ஏழைக் குடும்பத்துக்கு எட்டும்வரை நம் பெருமை அரைப் பெருமைதான்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. மற்றச் சிகிச்சைகளுக்குப் பிறகும் சில வகை லிம்போமா திரும்பி வந்தவர்களுக்கே இது. ஹாட்ஜ்கின் நோய் கண்டவரில் பெரும்பாலோர், முக்கியமாகச் சீக்கிரம் வந்தவர்கள், நெடுநாளாக வழக்கத்திலுள்ள மருந்துகளாலும் கதிர்ச் சிகிச்சையாலுமே குணமடைகிறார்கள்.

எனவே நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். வலியில்லாத கட்டி சில வாரங்களாகியும் கரையவில்லையா? கூடவே காய்ச்சலும், இரவில் துணி நனையும் வியர்வையும், உடல் மெலிவும் உண்டா? உடனே டாக்டரிடம் போங்கள். கட்டியை எடுத்துச் சோதிக்கச் சொன்னால் அஞ்ச வேண்டாம். க்ஷயத்தால் வரும் கண்டமாலையும் இப்படித்தான் தோன்றும். அதுவும் குணமாகக் கூடியதே. ஆனால் மருந்து வேறு. சோதிக்காமல் ஒன்றுக்கு மற்றொன்றின் மருந்தைச் சாப்பிட்டால் பொன்னான மாதங்கள் வீணாகும்.

நோயின் பெயரை மறைப்பதும் வேண்டாம். நமக்கு அண்டை ஊரான புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மூடி வைக்காமல், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக அதை மாற்றிக் காட்டினார்.

குடியானவரின் மகனுக்குத் திருச்சியில் கட்டியைச் சோதித்தார்கள். ஹாட்ஜ்கின் நோய்தான். சிகிச்சை நடந்து வருகிறது. "மாட்டுக்குப் பார்த்த பல்லை மகனுக்குப் பார்க்கவில்லையே, ஸார்!" என்றார் தகப்பனார். பார்த்தாகிவிட்டது, இனி நம்பிக்கைக்கு இடமுண்டு.