உண்டியலுக்கென்று ஒதுக்கிய நோட்டு
ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் புஷ்பக் காவடிகளுக்குப் பூ பொறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் யாரானாலும் பூச்சி அரித்தது, முகர்ந்தது, தரையில் விழுந்தது எதையும் சேர்க்கமாட்டார்கள். பழைய இஸ்ரவேலரும் இதே கறார்தான். குருடு, சொறி, எலும்பு முறிந்த ஆடுமாடு பலிபீடத்துக்கு ஆகாது என்கிறது லேவியராகமம் 22ஆம் அதிகாரம். எனக்குப் பிடித்தது அதற்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சலுகை: கால் நீண்டோ குறுகியோ பிறந்த கிடாவை மனமுவந்து கொடுக்கலாம், பொருத்தனைக்கு மட்டும் செல்லாது. சும்மா கொடுப்பதில் குறை இருக்கலாம், நேர்ந்துகொண்டதில் கூடாது! நம் முருகன் இன்னும் தாராளம். நேர்ந்துகொண்ட முடியில்கூட நரை, பேன் பார்ப்பதில்லை. நோயாளி ஆட்டைப் பலிபீடத்தில் ஏற்றிய ஆசாரியர்களிடம், இதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்தால் வாங்குவாரா என்று சீறினார் மல்கியா தீர்க்கதரிசி. பூவில் அத்தனை சுத்தம் பார்க்கும் நாம்தான், பஸ் கண்டக்டர் திருப்பிக் கொடுத்த கிழிந்த பத்து ரூபாயை உண்டியலுக்கென்று பத்திரமாக மடித்து வைக்கிறோம். அதைத் தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரில் நீட்டிப் பார்க்கலாமே, மல்கியா சொன்னபடி.